பன்னிரண்டு வெல்வெட் துண்டுகள்

எனக்கு ஊசியில் நூல் கோக்கக்கூடத் தெரியாது. ஆனால் வெல்வெட் வாங்க வேண்டுமென்றால் என்னைக் கேளுங்கள். கொழும்புப் புறக்கோட்டையில் எந்தக் கடைக்குப் போவது, எந்தக் கடைக்காரர் செயற்கை நூலைப் பருத்தி என்று தலையில் கட்டப் பார்ப்பார், எதைத் தொட்டதுமே வேண்டாம் என்று வைத்துவிட வேண்டும், எல்லாம் எனக்கு அத்துப்படி. பளபளத்து வழுக்கும் வெல்வெட் எனக்கு உதவாது. இழைகள் குட்டையாக, நெருக்கமாக, நிமிர்ந்து நிற்க வேண்டும். உள்ளங்கையால் அழுத்திவிட்டு எடுத்தால் அவை உடனே எழும்ப வேண்டும்.

முதல்முறை வாங்கப் போனபோது கடைக்காரர், “பிளவுசுக்கா மேடம்?” என்று கேட்டார்.

“இல்லை, பற்றீரியாவுக்கு” என்றேன்.

மனிதர் அசரவில்லை. “அதுக்கு என்ன கலர் எடுப்பம்?” என்றார். கறுப்பு என்றேன். இத்தனை வருடத்தில் என் வேலையைப் பற்றி என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளில் உருப்படியானது அதுதான். கல்யாண வீடுகளில் கேட்பவர்கள் “நீங்கள் டொக்டர்தானே, எனக்கு இந்த முழங்கால் நோவுக்கு என்ன செய்யலாம்?” என்றுதான் தொடங்குவார்கள். நான் டொக்டர்தான், ஆனால் ஊசி போடுகிற டொக்டர் இல்லை என்றதும் முகம் சுருங்கிவிடும். பற்றீரியாக் கிருமிகளின் பரம்பரை பற்றிப் படித்தவள் என்று விளக்கினால், “பற்றீரியாவுக்கும் பரம்பரையோ?” என்று சிரிப்பார்கள். ஓம், அதற்கும் உண்டு. நம்மில் சிலரைவிட நன்றாகவே அது தன் பரம்பரையைக் காப்பாற்றுகிறது.

வெல்வெட் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். ஏகார் என்கிற கடற்பாசிக் கூழ் ஊற்றிய ஒரு வட்டத் தட்டில் பற்றீரியாவைத் தூவி ஒரு நாள் விட்டால், ஒவ்வொன்றும் பெருகிப் புள்ளி புள்ளியாகத் தெரியும். ஒவ்வொரு புள்ளியும் ஒரு குடும்பம். அதைத்தான் கொலனி என்கிறோம். வட்டமான ஒரு கட்டையின் மேல் வெல்வெட்டை இழுத்துக் கட்டி, அந்தத் தட்டை அதில் மெதுவாக ஒற்றி எடுத்தால் ஒவ்வொரு கொலனியிலிருந்தும் கொஞ்சம் இழைகளில் ஒட்டிக்கொள்ளும். பிறகு அதே துணியில் மருந்து கலந்த இன்னொரு தட்டை ஒற்றலாம். கந்தோரில் ரப்பர் முத்திரை குத்துவது போலத்தான். மறுநாள் மருந்துத் தட்டில் எவை முளைத்திருக்கின்றனவோ அவை மருந்துக்கு அசையாதவை. எவை முளைக்கவில்லையோ அவை மருந்துக்குச் சாகிறவை. இருப்பதைவிட இல்லாததைத் தேடுகிற வேலை இது. வீட்டிலுள்ள துணி ஒன்றைப் பார்த்து இதற்கு உதவும் என்று முதலில் நினைத்தது ஒரு பெண்ணாகத்தான் இருக்க வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஒரு எண்ணம்.

வெளிநாட்டில் படித்து முடித்துத் திரும்பி வந்தபோது வெள்ளவத்தையில் எங்கள் ஃபிளாட் கட்டிடம் முழுக்க ஒரே கேள்விதான், ஏன் திரும்பி வந்தாய் என்று. அங்கே எல்லோரும் செய்கிற வேலையை இங்கே ஒருத்தரும் செய்யவில்லை, அதனால் வந்தேன். நான் சேர்ந்த நுண்ணுயிரியல் துறையில் அதுவரை பற்றீரியாவைப் பிடித்துப் பெயர் வைத்தார்கள். அது ஏன் மாறுகிறது, எதை யாருக்குக் கொடுக்கிறது என்று யாரும் பார்க்கவில்லை. மருந்தை எதிர்க்கும் சக்தியைச் சில பற்றீரியாக்கள் ஒரு சின்ன வளையத்தில் எழுதி வைத்திருக்கும். பக்கத்தில் இருப்பதற்கும் அதைப் பிரதி எடுத்துக் கொடுத்துவிடும். இந்த வளையங்களைத் தேடுவதற்கென்று சாமான் அறைக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மேசை தந்தார்கள். ஜன்னல்கூட இல்லை. அந்த மேசையிலிருந்துதான் இந்த ஊரில் இந்த வேலை தொடங்கியது என்று சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

மேசை எனது, பெயர் துறைத் தலைவருடையது. அவரைச் சேர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்துக்காரர், நல்ல படிப்பாளி, கை சுத்தம். ஆனால் என் வேலையைப் பற்றி எங்கே பேசினாலும் “என்ர ஆய்வுகூடத்திலை” என்றுதான் வாய் திறப்பார். கட்டுரை வெளிவந்தால் அவர் பெயர் முதலில், நான் கடைசிப் பத்தியில் நன்றி சொல்லப்பட்டவர்களோடு. ஒருமுறை கேட்டேன். “அவசரப்படாதையும் பிள்ளை, உமக்கும் காலம் வரும்” என்றார். எனக்கு அப்போது நாற்பத்தைந்து வயது. கொதி வந்தது. வாயைக் கட்டிக்கொண்டு மேசைக்குத் திரும்பினேன்.

எங்கள் ஆய்வுகூடத்தில் இன்னொருவரும் இருந்தார், உதவியாளர். கொட்டாஞ்சேனைப் பெண், என்னைவிட இரண்டு வயது குறைவு. தட்டு ஊற்றுவது, கண்ணாடிச் சாமான் கழுவுவது, பெரிய பிரஷர் குக்கர் மாதிரியான நீராவிப் பாத்திரத்தில் துணிகளை அவித்துக் கிருமி நீக்குவது எல்லாம் அவர். ஞாயிறு பூசைக்குப் போவதற்கு முன்னால்கூட ஒருதடவை வந்து தட்டுகளைப் பார்த்துவிட்டுப் போகிற ஆள்.

நான் சொல்லப் போவது டொலர் இல்லாமல் இறக்குமதி நின்று, நாடு முழுக்க பெற்றோலுக்கும் காஸுக்கும் வரிசையில் நின்ற காலத்தில் நடந்தது. ஆஸ்பத்திரியில் பச்சைக் குழந்தைகள் வாட்டுக்குப் பொறுப்பான டொக்டர் ஒருநாள் நேரே எங்களிடம் வந்தார். சிங்களப் பெண், உயரம், சுற்றி வளைத்துக் கதைக்கத் தெரியாதவர். வாட்டில் ஒரு பற்றீரியா பிறந்த குழந்தைகளின் இரத்தத்தில் ஏறிக்கொண்டிருந்தது. முன்பு அதற்கு மலிவான ஒரு பழைய மருந்து இருந்தது. பற்றீரியா அதை எதிர்க்கப் பழகியதால் அதை நிறுத்திவிட்டுப் புது மருந்துக்கு மாறியிருந்தார்கள். இப்போது புது மருந்து கப்பலில் வரவில்லை. பழைய மருந்து மட்டும் அலுமாரி நிறைய இருந்தது.

அவருடைய கேள்வி இதுதான். பழைய மருந்தைப் பல மாதமாக வாட்டில் தொடவில்லை. அந்தப் பற்றீரியா எதிர்ப்பை மறந்திருக்குமா? மறந்திருந்தால் பழைய மருந்துக்குத் திரும்பலாம். மறக்காமல் இருக்கும்போது திரும்பினால், மருந்து என்று சொல்லிக்கொண்டு குழந்தைக்கு வெறும் தண்ணீரை ஏற்றுகிற கதைதான்.

கேள்வி நியாயமானது. வேண்டாத சுமை என்றால் சில பற்றீரியாக்கள் அந்த வளையத்தைக் கைவிட்டுவிடும். கைவிட்டதா என்று பார்க்க வெல்வெட்டைவிட நல்ல வழி இல்லை. பழைய துணிகள் தேய்ந்து இழை விழுந்து போயிருந்ததால், சனிக்கிழமை புறக்கோட்டைக்குப் போய்க் கறுப்பு வெல்வெட் வாங்கினேன். வீட்டில் ஊறவைத்து, கடைக் கஞ்சி போகும்வரை அலசி, பல்கனியில் காயப் போட்டேன். மறுநாள் சாப்பாட்டு மேசையில் விரித்து, கரையை வெட்டி எறிந்துவிட்டு, பன்னிரண்டு சதுரமாக வெட்டினேன்.

இனி என் பிழைக்கு வருகிறேன். ஒவ்வொரு துணியிலும் மருந்துத் தட்டை ஒற்றிய பிறகு, கடைசியாக மருந்தில்லாத வெறும் தட்டு ஒன்றையும் ஒற்ற வேண்டும். துணி எல்லா இடத்திலும் ஒழுங்காகப் பதிந்திருக்கிறதா என்பதற்கு அதுதான் சாட்சி. படிக்க வருகிறவர்களிடம் இதை நான் எத்தனை தடவை கத்தியிருப்பேன். ஆனால் ஏகார் தூள் டப்பாவின் அடியில் தட்டிக்கொண்டிருந்தது, அடுத்தது எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. அந்தக் கடைசித் தட்டை விட்டுவிடுவோம் என்று உதவியாளரிடம் சொன்னேன்.

“விட்டா பரவாயில்லையா மிஸ்?” என்று கேட்டார்.

“என்ர கை எனக்குத் தெரியும்” என்றேன்.

ஒரு சுற்றுக்குப் பன்னிரண்டு துணியில் பன்னிரண்டு தட்டு, துணிகளை ஒவ்வொரு முறையும் கழுவி அவித்து இரண்டு வாரத்தில் ஐந்து சுற்றுச் செய்தோம். முதல் சுற்றில் பதினொரு மருந்துத் தட்டில் எல்லாக் கொலனிகளும் அப்படியே முளைத்து நின்றன. ஒன்றில் மட்டும் ஏழெட்டுக் காணவில்லை. இரண்டாம் சுற்றில் வேறொரு குழந்தையிடமிருந்து எடுத்த பற்றீரியாவில் ஒரு வெற்றிடம். மூன்றாவதில் இன்னொன்று. ஐந்து சுற்று முடிந்தபோது ஐந்து தட்டு கையில் இருந்தது, ஐந்தும் வெவ்வேறு குழந்தைகளுடையவை. மறக்கத் தொடங்கிவிட்டது என்று நினைத்தேன். எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி ஓடிப்போய்ச் சேரிடம் சொன்னேன். காணாமற்போன கொலனிகளை மூலத் தட்டிலிருந்து தனித்தனியே எடுத்து மருந்தில் வளர்த்துப் பார்க்க வேண்டும், அதன் பிறகுதான் நிச்சயம் என்றும் சொன்னேன். சேரின் காதில் முதல் பாதிதான் விழுந்தது. தட்டுகளைப் படம் எடுக்கச் சொன்னார். வியாழக்கிழமை காலை ஆஸ்பத்திரியில் கூட்டம் வைத்தாயிற்று.

புதன்கிழமை காலை நான் தனியே வளர்க்க வைத்த குழாய்களைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். தெளிவாக இருந்தால் பற்றீரியா செத்துவிட்டது. கலங்கியிருந்தால் மருந்துக்குள்ளேயே வளர்ந்திருக்கிறது. முதல் குழாய் கலங்கல். இரண்டாவது கலங்கல். எல்லாமே அரிசி கழுவிய தண்ணீர் மாதிரிக் கலங்கிக் கிடந்தன. மறந்ததாக நான் சொன்னவை ஒன்றையும் மறக்கவில்லை. 

அப்படியென்றால் அவை மருந்துத் தட்டில் ஏன் முளைக்கவில்லை? ஐந்து தட்டையும் மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தேன். முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது அப்போதுதான் கண்ணில் பட்டது. உண்மையாகவே மறந்தவை என்றால் அங்கொன்று இங்கொன்றாகச் சிதறிக் காணாமற்போயிருக்கும். இங்கே ஐந்திலும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தவை கூட்டமாகக் காணாமற்போயிருந்தன, விளிம்பிலிருந்து ஒரே தூரத்தில். அந்த வெற்றிடத்தின் மேல் என் பெருவிரலை வைத்தேன். ஐந்திலும் அச்சாகப் பொருந்தியது.

சந்தோஷம் கண்ணை மறைத்திருக்கிறது. வேறு என்ன சொல்ல? ஒரு மாணவி இப்படிக் கொண்டுவந்திருந்தால் கிழித்துத் தோரணம் கட்டியிருப்பேன்.

“துணியளைக் கொண்டாங்கோ” என்று உதவியாளரிடம் சொன்னேன். பன்னிரண்டும் கழுவி மடித்து வைத்திருந்தார். இரண்டு பேரும் கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொன்றாகத் தடவினோம். ஒன்பதாவதில் அவர் கை நின்றது.

“இது வேற மாதிரி இருக்கு மிஸ். இந்த இடத்துல கொஞ்சம் மொறுமொறுன்னு.”

கறுப்பில் ஒன்றும் தெரியவில்லை. ஆனால் விரலுக்குத் தெரிந்தது. பெருவிரல் அளவான ஒரு இடத்தில் இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிப் படுத்துக் கிடந்தன. படுத்துக் கிடக்கிற இழை எதையும் தொடாது, எதையும் எடுக்காது. கொலனிகள் அங்கே துணிக்கு ஏறவேயில்லை. அந்தக் கடைசி வெறும் தட்டை நான் ஒற்றியிருந்தால், அதிலும் இதே வெற்றிடம் விழுந்து முதல் நாளே என் கன்னத்தில் அறைந்திருக்கும்.

அந்த இடத்தைக் கத்தியால் சுரண்டி வெள்ளைப் பீங்கானில் போட்டோம். மங்கலான தூள். மாவுப்பொருள் இருக்கிறதா என்று பார்க்க அயடின் ஒரு சொட்டு விட்டேன், நீலக் கறுப்பாகியது. மா. நீராவியில் ஐந்து தடவை அவிந்து பசையாகி இறுகியிருக்கிறது. சரி, என் துணியில் மா எப்படி? மிச்சத் தூளில் உதவியாளர், கண்ணாடி கழுவ வைத்திருந்த சலவைச் சோடாத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டார். அவர் சும்மாதான் விட்டார். தூள் சிவந்தது.

“மிஸ், சிவப்பாகுது.”

பொம்பிளை மாப்பிள்ளைக்கு ஆலாத்தி எடுக்கிற தட்டில் அந்தச் சிவப்பை எத்தனை தரம் பார்த்திருப்பேன். மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்தால் வருகிற சிவப்பு அது. அதைத் தெரிந்துகொள்ள எனக்குப் பட்டம் தேவையில்லை. என் துணியில் மஞ்சள் பட்டிருக்கிறது, யார் வைத்தது என்றும் அந்த நிமிடமே தெரிந்துவிட்டது.

மருதானையில் ரயில் ஏறி வெள்ளவத்தையில் இறங்கும்வரை என்ன சொல்லிக் கத்துவது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். அம்மா சாப்பாட்டு மேசையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தா.

“அம்மா, நான் காயப் போட்ட கறுப்புத் துணியிலை மஞ்சள் வைச்சனீங்களோ?”

“ஓம். ஏன்?”

ஏனாம். அதில் ஒரு ஒளிவு மறைவும் இல்லை. புதுத் துணிக்கு மஞ்சள் தொட்டு வைக்காமல் எங்கள் வீட்டில் எந்தத் துணியையும் வெட்டியதில்லை, உடுத்தியதுமில்லை. என் முதல் பள்ளிக்கூடச் சட்டைக்கும் வைத்தா. வெளிநாட்டுக்குப் போட்டுக்கொண்டு போன குளிர்க் கோட்டுக்கும் வைத்தா.

“மூலையிலைதானே வைக்கிறது. இது எப்பிடி நடுவுக்கை வந்தது?”

“கரையை நீ வெட்டி எறிஞ்சுபோடுவாய் எண்டு தெரியும். அதுதான் கொஞ்சம் உள்ளுக்குத் தள்ளி வைச்சனான்.”

ரயிலில் யோசித்து வைத்ததை விட்டுவிட்டு மாவைப் பற்றிக் கேட்டேன்.

“அது நல்ல மஞ்சளே?”

“இப்ப எங்கை பிள்ளை நல்ல மஞ்சள்? இறக்குமதியில்லையெண்டு ஒளிச்செல்லோ விக்கிறாங்கள். பாதிக்குப் பாதி மாதான். குழம்பிலை போட்டால் குழம்பு தடிக்குது.” பிறகு கீரையை விட்டுவிட்டு என்னைப் பார்த்தா. “கறுப்புத் துணி வேற. நீயும் கன நாளா அந்த வேலைக்குப் பின்னாலை அலையிறாய். நல்லபடியா வரட்டும் எண்டுதான் வைச்சனான். ஏன், ஏதும் பிழைச்சுப்போச்சே?”

எனக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. “உங்களாலை ஒண்டும் பிழைக்கேல்லை அம்மா. நான் பாக்க வேண்டியதைப் பாக்காமல் விட்டிட்டன்” என்றேன். சமாதானத்துக்குச் சொன்னதில்லை, உண்மையும் அதுதான். துணியில் மஞ்சள் படும், எண்ணெய் படும், பூனை மயிர் ஒட்டும். இதெல்லாம் நடக்கும் என்றுதானே அந்தக் கடைசித் தட்டு இருக்கிறது. இதைக் கேட்ட பலர் மஞ்சள் கிருமியைக் கொன்றுவிட்டது பார்த்தீர்களா என்று பெருமைப்படுகிறார்கள். கொல்லவில்லை. களவு மஞ்சளில் இருந்த மா இழைகளை ஒட்ட வைத்தது, அவ்வளவுதான்.

வியாழன் காலை எட்டு மணிக்கே சேரின் அறைக்குப் போனேன். குழாய்களையும் துணியையும் மேசையில் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் துணியைத் தடவிப் பார்த்தார். விளங்கிவிட்டது. நான் முன்னமே சொன்னேன், படிப்பாளி.

“இண்டைக்கு ஆரம்ப முடிவு எண்டு சொல்லி விடுவம் பிள்ளை. அடுத்த மாதம் மெல்லமாத் திருத்துவம். இப்ப போய்ப் பிழையெண்டால் துறையின்ர பேர் என்னாகிறது?”

“சேர், வாட்டிலை அவை இண்டைக்குப் பின்னேரமே அந்த மருந்தைப் போடத் தொடங்கப் போகினம்.”

“அது அவையின்ர தீர்மானம்.”

“என்ர தட்டைப் பாத்துத்தானே தீர்மானிக்கினம்.”

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். வாகனம் வந்துவிட்டது என்றார். குழாய்களையும் துணியையும் பையில் போட்டுக்கொண்டு நானும் ஏறினேன். எனக்குப் பயமாக இருந்தது. வேலை போகும் என்று பயமில்லை. இருபது வருடமாகப் பற்றீரியாவுக்கும் பரம்பரையோ என்று சிரித்தவர்கள் இனி வாய்விட்டுச் சிரிப்பார்களே என்றுதான் பயம்.

கூட்டம் ஆங்கிலமும் சிங்களமுமாக நடந்தது. ஆனாலும் என் மனதில் அது தமிழிலேயே கிடக்கிறது. டொக்டர் முன் வரிசையில் இருந்தார். கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது. அந்த வாரம் இரண்டு குழந்தைகளை இழந்திருந்தார் என்று பிறகுதான் அறிந்தேன். சேர் எழுந்து, “எனது ஆய்வுகூடத்தில் நாங்கள் கண்டது” என்று தொடங்கினார். திரையில் முதல் தட்டின் படம் விழுந்தது.

நான் எழுந்தேன். “மன்னிக்க வேண்டும் சேர். அந்தப் படம் பிழை” என்றேன்.

 முன்னால் போய்த் திரையில் அந்த வெற்றிடத்தின் மேல் விரலை வைத்துக் காட்டினேன். துணியில் ஒரு கறை இருந்தது, அங்கே கொலனிகள் பதியவில்லை, காணாமற்போனவற்றைத் தனியே வளர்த்தேன், அத்தனையும் மருந்துக்குள் வளர்ந்தன. நாலு வசனத்தில் முடித்துவிட்டேன்.

“அப்படியானால் பழைய மருந்து?” என்று டொக்டர் கேட்டார்.

“போடாதீர்கள். அது வேலை செய்யும் என்று சொல்ல என்னிடம் ஒரு கொலனிகூட இல்லை.”

யாரோ பின்னால் செருமினார்கள். சேர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, “இந்தத் தட்டுகள் எல்லாம் இவர் தனியாகச் செய்தவை. வடிவமைத்ததும் இவர்தான். கறை பற்றி எனக்கு இன்று காலைதான் தெரியும்” என்றார்.

இத்தனை வருடத்தில் என் வேலை என்னுடையது என்று அவர் ஊரறியச் சொன்னது அன்றுதான். “ஓம், தட்டும் என்னுடையது, துணியும் என்னுடையது, பிழையும் என்னுடையது” என்றேன். கறை எங்கே பட்டது என்று ஒருவர் கேட்டார். என் வீட்டில் என்றேன். அதற்கு மேல் சொல்லவில்லை.

டொக்டர் கோப்பை மூடிக்கொண்டு எழுந்து போனார். அவர் நன்றி சொல்லுவார் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கையில் இருந்த ஒரே நம்பிக்கையைப் பிடுங்கியவளிடம் யார் நன்றி சொல்வது? புது மருந்துக்காக அவர் அன்றிலிருந்து ஊரிலுள்ள ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் தொலைபேசி எடுத்து, இரவல் கேட்டு, சண்டை பிடித்து வாங்கினார் என்று கேள்விப்பட்டேன்.

நாங்கள் எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்தோம். உதவியாளர் ஒவ்வொரு துணியின் ஓரத்திலும் வெள்ளை நூலால் இலக்கம் தைத்தார். ஏகாருக்கு நான் களனியில் கெஞ்சினேன். அங்கே பல்கலைக்கழகத்தில் படிப்பிக்கிற, முன்பு என்னோடு படித்த ஒருத்தி ஒரு போத்தல் தந்தாள். கடைசி வெறும் தட்டு ஒன்றைக்கூட விடவில்லை. முடிவு வந்தபோது அதில் மயக்கம் எதுவும் இருக்கவில்லை. எங்கள் தட்டுகளில் ஒரு கொலனிகூட எதிர்ப்பைக் கைவிடவில்லை. அந்த வாட்டுப் பற்றீரியா வளையத்தைக் கெட்டியாகப் பிடித்து வைத்திருந்தது. இல்லை என்பதும் ஒரு முடிவுதான். அதை இரண்டு பக்கத்தில் எழுதி, முதல் தடவை எப்படிப் பிழையானது என்பதையும் மறைக்காமல் எழுதிச் சேரிடம் கொடுத்தேன். வாசித்துவிட்டு, “நல்லா எழுதியிருக்கிறீர். ஆனா என்ர பேர் வேண்டாம்” என்றார். ஆக, என் பெயர் முதலில் நிற்கிற முதல் கட்டுரை, நான் பிழைவிட்டேன் என்று சொல்கிற கட்டுரை. அதற்கு அடுத்தது உதவியாளரின் பெயர். அவர் அதை நகல் எடுத்துக் கொட்டாஞ்சேனைக்குக் கொண்டுபோனார்.

சில மாதம் கழித்து ஒரு மத்தியானம் சேரின் அறையில் தொலைபேசி அடித்தது. வெளி அழைப்புகள் எல்லாம் அங்கேதான் வரும். கொஞ்சம் பொறுத்து அவர் கதவருகே வந்து நின்றார்.

“பிள்ளையள் வாட்டு டொக்டர். நான் கதைக்கலாம் எண்டன். உம்மைத்தான் வேணுமாம்.”

நான் போய் எடுத்தேன். ஒரு குழந்தை, பிறந்து ஆறு நாள், காய்ச்சல். இரத்த மாதிரியை மூன்று நாளுக்கு முன்னமே எங்களிடம் அனுப்பியிருந்தார். இரண்டு மருந்துகளின் பெயரைச் சொல்லி, எது என்று கேட்டார்.

“முதலாவது வேண்டாம். இரண்டாவதைப் போடுங்கள்.”

“கடைசித் தட்டு?”

“பார்த்துவிட்டேன்.”

அந்தப் பக்கம் பேனை எடுக்கிற சத்தம் கேட்டது. குழந்தையின் குறிப்பில் யார் சொல்லி இந்த மருந்து என்று எழுத வேண்டும், உங்கள் முழுப் பெயரைச் சொல்லுங்கள் என்றார். சேர் கதவருகிலேயே நின்றுகொண்டிருந்தார். நான் என் பெயரை ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னேன், டொக்டர் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டார்.